சொன்ன விலை

புருஷன் முகத்தைப் பார்ப்பதற்கு 1959-ஆம் வருஷக் கடைசியில் கோவில்பட்டியில் விலை இருநூற்றுப் பதினான்கு ரூபாய். பாஸ்போர்ட், போட்டோ, மெட்ராஸ் வரை ரயில், அங்கிருந்து பினாங்குக்குக் கப்பலின் மேல்தட்டில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டு போவது, எல்லாம் சேர்த்து. குழந்தைக்கு அரை டிக்கட் தனி. இது கொடுக்கிற விலை. கப்பல் ஏஜெண்டு முதலில் சொன்ன விலை முந்நூறுக்கு மேலே. சேக் முகம்மது அண்ணாச்சி அவன் கடையில் காலையும் மாலையும் போய் உட்கார்ந்து, அவனே சலித்துப்போய் இறங்கும்படி செய்தார்.

சொல்கிற விலை, கொடுக்கிற விலை என்று இரண்டு உண்டு என்பது தெரியாதவர்களுக்கு இந்தக் கதை விளங்காது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பருத்தியும் மிளகாய் வத்தலும் வந்து இறங்குகிற எங்கள் கடைகளில், ஒருவன் வாயால் ஒரு எண்ணைச் சொன்னால் அது எண் இல்லை. பேசுவதற்கு முன்னால் தொண்டையைச் செருமிக்கொள்வது மாதிரி. எப்போதும்வென்றான் கிராமத்திலிருந்து சோலை வத்தல் மூட்டையோடு வருவான். அறுபது என்பான். சேக் அண்ணாச்சி முப்பத்தெட்டு என்பார். நாற்பத்தெட்டு என்பது இரண்டு பேருக்கும் தெரியும். பிறகு துண்டைப் போட்டுக் கைகளை மூடிக்கொண்டு, உள்ளே ஒருவர் விரலை ஒருவர் பிடித்து, முகத்தில் துக்கவீட்டுக் களையோடு நாற்பத்தெட்டில் வந்து நிற்பார்கள். நேரே நாற்பத்தெட்டு என்று சொல்லிவிட்டால் என்ன? சொல்லலாம். சொன்னால் நாற்பதில் முடியும்.

அண்ணாச்சி கடைக்கு அடுத்த கடை என்னுடையது. ராமசுப்பு கடை என்று கேட்டால் யாரும் காட்டுவார்கள். என்னிடம் கடன் வாங்கியவர்கள் மட்டும் காட்டமாட்டார்கள். பதினைந்து வருஷமாக அவர் பேரத்தைப் பக்கத்திலிருந்து பார்த்தவன் நான். மனிதர் டாக்டரிடம்கூட உள்ளதைச் சொன்னவர் இல்லை. மூன்று நாள் காய்ச்சலைப் பத்து நாள் என்பார். "மூணுன்னா வெறும் தண்ணி மருந்து குடுத்து அனுப்பிருவான்" என்பார். டாக்டரும் இந்த ஊர்க்காரர்தான். பத்து என்றால் மூன்று என்று எழுதிக்கொள்வார். ஆக ஊருக்குள் ஒரு கெடுதலும் வரவில்லை.

அவருக்கு ஒரே மகள், தௌலத் பேகம். 1951-இல் விளாத்திகுளத்து ஹுமாயூனுக்கு நிக்காஹ் செய்து கொடுத்தார். மாப்பிள்ளை அம்பத்திரண்டு ஐப்பசியில் முதல் தடவையாகக் கப்பல் ஏறிப் பினாங்குக்குப் போனான். ஒரு மளிகைக் கடையில் கணக்கு எழுதுகிற வேலை. அம்பத்துநாலு ஐப்பசியில் லீவில் வந்தான். நாலு மாசம் இருந்துவிட்டு அம்பத்தஞ்சு மாசியில், காட்டில் பருத்தி வெடித்துக் கிடந்த நேரத்தில், திரும்பப் போனான். அந்த ஆவணியில் குழந்தை பிறந்தது. ரசூல் பீவி என்று பெயர். தகப்பனை அது போட்டோவில்தான் பார்த்திருக்கிறது. போட்டோவில் அவன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். அதனால் தன் வாப்பா எப்போதும் உட்கார்ந்தே இருப்பவர் என்று அது நினைத்துக்கொண்டிருந்தது.

1959 ஐப்பசியில் ஹுமாயூனிடமிருந்து கடிதம் வந்தது. தௌலத்து கடைக்குக் கொண்டுவந்து வாசித்தாள். நடுவில் சில வரிகளைத் தாண்டித் தாண்டிப் படித்தாள். அவை எங்களுக்கு எழுதப்பட்டவை அல்ல என்பதால் நாங்களும் கேட்கவில்லை. எங்களுக்கு எழுதியது இது:

இங்கே புதுச் சட்டம் வருகிறது. இனிமேல் மனைவி பிள்ளைகளைக் கூப்பிட்டு நிரந்தரமாக வைத்துக்கொள்வது லேசில்லை. இப்போதே மனுப் போட்டால் உண்டு. என் சம்பளத்தைக் காட்டி, எல்லாவற்றுக்கும் நானே பொறுப்பு என்று கையெழுத்துப் போட்டு மனுக் கொடுத்துவிட்டேன். ஒற்றை அறை ஒன்று வாடகைக்குப் பிடித்திருக்கிறேன். ஸ்டவ் வாங்கியாயிற்று. மாமா அங்கே ஒரு அபிடவிட் எழுதி, மாஜிஸ்திரேட்டு ஆபீசில் சத்தியம் செய்து அனுப்பவேண்டும். நிக்காஹ் எப்போது, நான் வந்தது போனது எப்போது, எல்லாம் உள்ளது உள்ளபடி இருக்கட்டும்.

"ஸ்டவ்வு வாங்கிட்டாவளாம்" என்று தௌலத்து மறுபடியும் சொன்னாள், நாங்கள் அதைக் கேட்காமல் விட்டுவிட்டோமோ என்பதுபோல.

"என்ன விலைன்னு எழுதியிருக்கானா?" என்றார் அண்ணாச்சி.

"இல்ல வாப்பா."

"ஏமாந்திருப்பான்."

அவள் அன்றைக்கே தகரப்பெட்டியைத் துடைத்து வெயிலில் வைத்துவிட்டாள் என்று கேள்விப்பட்டேன். ரசூலு வீடு வீடாகப் போய், "எங்க வாப்பா நிக்கதைப் பாக்கப் போறேன்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தது.

மறுநாள் நாங்கள் தாலுகா ஆபீஸ் வாசலில் பரமசிவனிடம் போனோம். வேப்பமரத்தடியில் டைப் மெஷின் வைத்திருப்பவர். நாம் தமிழில் சொன்னால் அவர் இங்கிலீஷில் அடிப்பார். தௌலத்து முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு சற்றுத் தள்ளி நின்றாள். நாலு வயது ரசூலு பெஞ்சில் உட்கார்ந்து கடலை மிட்டாயைக் கடிக்க முடியாமல் நக்கிக்கொண்டிருந்தது.

"சாதா மனுவா, கண்ணீர் மனுவா?" என்றார் பரமசிவன்.

"கண்ணீர் மனு எவ்வளவு வே?"

"மூணு ரூவா."

"ஒண்ணரை."

"ஒண்ணரைக்குக் கண்ணு கலங்கும். வழியாது."

இரண்டேகாலில் முடிந்தது. பரமசிவன் தாளைச் சொருகினார். பெயர், ஊர், நிக்காஹ் நடந்த பள்ளிவாசல், எல்லாம் ஓடியது.

"மாப்பிள்ளையைப் பிரிஞ்சு பிள்ளை எத்தனை வருசமா இருக்கு?"

"ஏழுன்னு போடும்" என்றார் அண்ணாச்சி.

நான் சும்மா இருந்திருக்கலாம். என் வாய் இருக்காது. "அண்ணாச்சி, அம்பத்தஞ்சு மாசியிலதான கப்பல் ஏறுனாரு. அஞ்சே இன்னும் முடியலியே" என்றேன்.

"ஏலே ராமசுப்பு, அவன் மொதக் கப்பல் ஏறுனது எப்போ?"

"அம்பத்திரண்டு ஐப்பசி."

"இப்போ?"

"அம்பத்தொம்பது ஐப்பசி."

"கூட்டிப் பாரு. ஏழு வருதா வரலியா?"

"வருது. நடுவுல வந்து இருந்தாரே."

"நாலு மாசம். அது ஒரு இருப்பாலே? மூட்டைக்குச் சாக்கு எடை கழிக்க மாதிரி கழிச்சிட்டுப் போ."

பின்னாலிருந்து தௌலத்து சொன்னாள்: "வாப்பா, அவிய உள்ளபடி எழுதச் சொல்லியிருக்காவ."

"உள்ளபடின்னு எழுதாதவன் யாரு தாயி? நானுந்தான் எல்லாக் கடுதாசியிலயும் நலம்னு எழுதுதேன்." குரலைத் தணித்துக்கொண்டார். "இங்கன பாரு. அங்கன உக்காந்திருக்கவன் ஆபீசர். குறைக்கதுக்குத்தான் அவனுக்குச் சம்பளம். ஏழுன்னா அஞ்சா எடுத்துக்கிடுவான். அஞ்சுன்னா மூணுங்கான். மூணு வருசம் புருசனைப் பிரிஞ்சவளுக்கு எவன் இரக்கப்படுவான்? ஊர்ல பாதிப் பொம்பளைய அப்படித்தான் இருக்காவ."

தௌலத்து போய் ரசூலுவின் வாயைத் துடைத்துவிட்டாள். துண்டுக்குள் கைவிட்டு அவள் வாப்பா நஷ்டப்பட்டதை அவள் பார்த்ததில்லை. நானும்தான்.

பரமசிவன் வாங்கிய காசுக்கு வஞ்சகம் இல்லாமல் அடித்தார். அடித்ததைத் தமிழில் சொல்லிக் காட்டினார்: ஏழு நெடிய வருஷங்களாகக் கணவனின் முகத்தை ஒரு தடவைகூடக் காணாமல், என் மகள் எண்ணெய் தீர்ந்த விளக்குப்போல் வாடி நிற்கிறாள். அண்ணாச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டார். தன் மகளைப் பற்றி அவ்வளவு சோகமாக அவரே நினைத்ததில்லை. உள்ளே போய்ச் சத்தியம் செய்தார். முத்திரை விழுந்தது. ரசூலுவுக்குத் தூக்கம் வந்துவிட்டது. அவர்தான் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். அந்தக் குழந்தைதான் அந்தத் தாளுக்கு எதிர்ச்சாட்சி என்று அவருக்கு எப்படித் தோன்றும்? தோளில் தூங்குகிற பேத்தியை யார் சாட்சியாக நினைப்பார்கள்?

மார்கழி போய்த் தை பிறந்தபின் பதில் வந்தது. பாஸ்போர்ட்டும் மெட்ராஸிலிருந்து வந்து சேர்ந்திருந்த நேரம். தௌலத்து கடைப்பலகையில் உட்கார்ந்து சத்தமாகப் படிக்கத் தொடங்கினாள். இரண்டாவது பக்கத்தில் நின்றாள். கடிதத்தை என் கையில் கொடுத்துவிட்டு, ரசூலுவைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள். மீதியை நான் படித்தேன்:

குடியேற்ற ஆபீசில் என்னைக் கூப்பிட்டார்கள். ஐந்து வருஷம் சேர்ந்தாற்போல் பிரிந்திருந்த மனைவிக்கு இனி அனுமதி இல்லை, அதுதான் புதுச் சட்டம் என்றார்கள். எனக்கு அது முன்பே தெரியும். நமக்கு நாலே முக்கால்தானே என்று தைரியமாகப் போனேன். உன் மாமனார் ஏழு என்று சத்தியம் செய்திருக்கிறார் என்று காட்டினார்கள். நான் நடுவில் ஊருக்குப் போய் வந்தேன் என்று சொன்னேன். ஒரு தடவைகூட முகம் காணவில்லை என்று எழுதியிருக்கிறதே என்றார்கள். அப்படியானால் இந்த நாலு வயதுக் குழந்தை யாருடையது என்று கேட்டார்கள். அங்கே வேலை பார்க்கிற நம் ஊர்ப் பக்கத்து ஆட்கள் இரண்டு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். மாமா, நான் நின்றேன். வேறென்ன செய்ய.

நான் கடிதத்தை மடித்தேன். அண்ணாச்சி தராசுத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் கேட்டார்: "ஒரு வருசம் கூடவா குறைக்கல?"

அந்த ஆபீசர் குறைக்கவும் இல்லை, கூட்டவும் இல்லை. எழுதியதை எழுதியபடி எடுத்துக்கொண்டான். அப்படி ஒரு மனிதனை எங்கள் கடைவீதி அதுவரை கண்டதில்லை.

"அவனை எதிர்த்தாப்ல உக்கார வச்சுத் துண்டைப் போட்டா முடிச்சிருவேன்லே" என்றார். "கைன்னு ஒண்ணு இருந்தாத்தான பிடிக்க முடியும். அங்கன இருந்து தாளுல்லா வருது."

மறுபடியும் பரமசிவனிடம் போனோம். விஷயத்தைக் கேட்டு அவர் தாளைச் சொருகினார். பிறகு அடித்தார்: முன்பு சொன்னது பிழை, மருமகன் 1954 ஐப்பசியில் வந்து நாலு மாசம் என் வீட்டில் இருந்தார், குழந்தை அவருடையதே, பிரிந்திருக்கும் காலம் ஐந்து வருஷத்துக்கு உட்பட்டது. கண்ணீர் ஒரு சொட்டு இல்லை. அண்ணாச்சி மடியை அவிழ்த்தார். பரமசிவன் காசு வேண்டாம் என்று தலையை ஆட்டினார். அப்போதுதான் எனக்கு முதல் தடவையாகப் பயம் பிடித்தது. எங்கள் ஊரில் ஒருவன் கூலி வேண்டாம் என்றால், வேலை உருப்படாது என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது என்று அர்த்தம்.

உருப்படவில்லை. எதிரில் இருப்பவன் இடத்தில் உட்கார்ந்து பாருங்கள். ஏழு என்று சத்தியம் செய்தவன், வரம்பு ஐந்து என்று தெரிந்த மறுமாதமே நாலே முக்கால் என்று இன்னொரு சத்தியத்தோடு வருகிறான். ஐந்துக்குமேல் வாங்கமாட்டேன் என்றதும் நாலே முக்காலுக்கு இறங்குகிற வியாபாரியை நானே நம்பமாட்டேன். இரண்டில் எது பொய்ச் சத்தியம் என்று கேட்டு எழுதினார்கள். கேள்வியில் ஒரு குற்றமும் இல்லை.

அத்தாட்சி கேட்டார்கள். லீவில் வந்துபோன முத்திரை பழைய பாஸ்போர்ட்டில் இருந்தது. அதை அம்பத்தேழில் புதுசு வாங்கும்போதே ஹுமாயூன் கொடுத்துவிட்டான். இனி கப்பல் கம்பெனிக்கு எழுதி அந்த வருஷத்துப் பயணிகள் பட்டியலைத் தேடி எடுக்கவேண்டும். அதற்குள் அவனுக்கு வக்கீல் ஒரு வழி சொன்னார். மாசி முடிந்தால் ஐந்து வருஷம், அதற்குள் ஒரு நடை ஊருக்கு வந்து மனைவி முகத்தைப் பார்த்துவிட்டுப் போய்விடு. பிரிவுக் கணக்கு அன்றோடு அறுந்து புதிதாகத் தொடங்கும் என்றார். நல்ல வழிதான். ஆனால் விசாரணை முடியும்வரை அவனுடைய பாஸ்போர்ட்டை ஆபீசில் வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

இதெல்லாம் கடிதத்தில் வர ஒரு வாரம், பத்து நாள். நாங்கள் பதில் எழுதினால் அது போக அதே காலம். மாசியும் நடந்துகொண்டே இருந்தது. காட்டில் பருத்தி வெடித்தது. வண்டிகள் வரிசையாக வந்து நின்றன. வழக்கமாக அந்த மாசத்தில் அண்ணாச்சி குரல் ரயிலடி வரை கேட்கும். அந்த வருஷம் அவர் கடையில் உட்கார்ந்து தபால்காரன் வரும் திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வியாபாரத்தை அவர் தம்பி பார்த்தான், நன்றாகவே நஷ்டப்படுத்தினான்.

ஒருநாள் தௌலத்து என் கடைக்கு உப்பு வாங்க வந்தாள்.

"மாமா, மாசியை யாராச்சும் கொஞ்சம் நிப்பாட்டி வைக்க முடியுமா?" என்றாள்.

சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். அன்றைக்கு உப்பைக் கொஞ்சம் கூடப் போட்டேன். அவ்வளவுதான் என்னால் ஆனது.

பங்குனி பாதியில் கப்பல் கம்பெனிப் பட்டியல் கிடைத்தது. ஹுமாயூன் பெயர் இருந்தது, வந்ததும் போனதும். ஆபீசில் ஒப்புக்கொண்டார்கள். அவன் எழுதியிருந்தான்: குழந்தை விஷயத்தில் சந்தேகம் தீர்ந்தது என்றார்கள். ஆபீசர் எழுந்து என் கையைக் குலுக்கினார். நல்ல மனிதர். பிறகு உட்கார்ந்து, நீ கடைசியாக மனைவியைப் பிரிந்தது 1955 மாசி, இப்போது 1960 பங்குனி, உத்தரவு போடுகிற நாள்தான் கணக்கு, ஆக ஐந்து முடிந்துவிட்டது என்றார்.

நாங்கள் உண்மையை நிரூபித்து முடித்தபோது அந்த உண்மையே வரம்பைத் தாண்டியிருந்தது.

அண்ணாச்சி அந்தக் கடிதத்தை என்னை இரண்டு தடவை படிக்கச் சொன்னார். "கையைக் குலுக்குனான்னா இருக்கு?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "கை குடுத்திருக்கான். அந்த நேரம் இவன் விடாம பிடிச்சிருக்கணும்" என்றார். அதை அவர் வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

ஹுமாயூன் எல்லாவற்றையும் உதறிவிட்டு ஊருக்கு வந்துவிடலாமே என்று கேட்பீர்கள். அவனும் அப்படித்தான் எழுதினான். ஆனால் வந்தால் திரும்ப உள்ளே விடுவார்களா என்பது நிச்சயமில்லை. விளாத்திகுளத்தில் அவன் தாயும் இரண்டு தங்கைகளும் அவன் அனுப்புகிற பணத்தில்தான் அடுப்பு மூட்டினார்கள். அந்த இரண்டு வருஷமும் எங்கள் பக்கம் மழை சரியில்லை. வத்தல் பொக்காய்ப் போயிற்று. வா என்று எழுத இங்கே யாருக்கும் கை வரவில்லை. வாரேன் என்று எழுதியவனும் வரவில்லை. அறையை விட்டுவிட்டு மறுபடியும் கடைப் பையன்களோடு படுத்துக்கொள்வதாக எழுதினான். ஸ்டவ்வை விற்றுவிட்டானா என்று தௌலத்து கேட்டு எழுதினாளாம். அதற்கு அவன் பதில் எழுதவில்லை.

அண்ணாச்சிக்குப் பேரம் போய்விட்டது. சோலை வந்து வத்தலுக்கு அறுபது என்றால், சரி என்று எடுத்துக் கொடுத்துவிடுவார். முதல் தடவை சோலை பயந்துபோனான். பணத்தை வாங்காமல் என் கடைக்கு ஓடிவந்து, "அண்ணாச்சிக்கு மேலுக்கு எதுவும் சுகமில்லையா? கேட்டதைக் குடுக்காவ" என்றான். இவர் கடை கேட்ட விலை கொடுக்கிற கடை என்று சுற்றுப்பட்டியெல்லாம் பரவியது. ஒரு வியாபாரிக்கு அதைவிடக் கெட்ட பெயர் கிடையாது. யாராவது எத்தனை என்று கேட்டால், எதைப் பற்றிக் கேட்டாலும், "ராமசுப்புகிட்ட கேளு" என்பார்.

1962 மாசிக் கடைசி. பருத்தி வண்டிகள் நிற்கிற அதே நாட்கள். மத்தியானம் தௌலத்து வாப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுவந்தாள். கூட ரசூலு, ஆறு முடிந்து ஏழு நடக்கிறது. போட்டோவைப் பற்றி அது இப்போது யாரிடமும் பேசுவதில்லை. நான் அங்கே பலகையில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தேன்.

சோற்றைப் பிரித்து வைத்துவிட்டு அவள் சொன்னாள்: "வாப்பா, இன்னையோட ஏழு."

"எது தாயி?"

"அவிய போயி. ஏழு வருசம். ஒரு தடவைகூட முகம் பாக்கல." தண்ணீர்ச் செம்பை அவர் பக்கமாக நகர்த்தி வைத்தாள். "நீங்க எழுதிக் குடுத்தது இன்னையோட சரியாயிட்டு. பொய்ச் சத்தியம் பண்ணிட்டோம்னு இனி மனசு கிலேசப்பட வேண்டாம். சாப்பிடுங்க."

குத்திக் காட்டுகிறாளா, ஆறுதல் சொல்கிறாளா என்று பார்க்க நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் வாப்பாவுக்குக் கறி எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். அண்ணாச்சி சோற்றில் கைவைத்தபடி என்னைத் திரும்பிப் பார்த்தார், கணக்கில் அகப்பட்டுக்கொண்டால் பார்ப்பாரே, அப்படி.

"சரிதானாலே ராமசுப்பு?"

சரிதான் என்றேன். வாய்க்கணக்கில் என்னை அடிக்க ஆள் இல்லை என்று பெயர். போட்டுப் பார்த்ததில் இப்படி நின்றது: சொன்ன விலை, ஏழு வருஷம். கொடுத்த விலை, ஏழு வருஷம். கழிவு இல்லை. சரக்கு வந்து சேரவில்லை.